மொழி பெயரும் மலை

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தவர்க்கு ஓர் இனிய அனுபவம் வாய்க்கும். முன்னிருக்கையில் பேச்சுத் தமிழில் தொடங்கும். நடத்துநர் வந்ததும் தெலுங்கிற்கு மாறும். அவர் நகர்ந்ததும் மீண்டும் தமிழாகும். பேசுகிறவர் தாம் ஒரு மொழியை விட்டு வேறொரு மொழிக்குச் சென்றதை உணர்வதே இல்லை. சந்திரகிரிக் கோட்டையைக் கடந்து வேங்கடத் தொடர் கண்ணெதிரே நீண்டு எழும்பொழுது, எந்த மொழியில் வியந்தோம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதும் இல்லை.

ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மாமூலனார் என்னும் புலவர் இதனை உணர்ந்திருந்தார். வேங்கடத்திற்கு அப்பாற்பட்ட நிலத்தை அவர் மொழி பெயர்கின்ற நாடு என்று பொருள்படக் குறித்தார். பெயர்தல் என்றால் இடம் மாறுதல். இன்று நாம் வழங்கும் மொழிபெயர்ப்பு என்னும் சொல்லிலும் அந்த வினையே இருக்கிறது. ஆகவே, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்த மலை தொழில்முறையிலும் உறவுடையது எனலாம்.

இவ்வுறவு எனக்கு ஒரு தவற்றின் வாயிலாகவே புலனாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் மகள், தான் பாடக் கற்றுக்கொண்டிருந்த அன்னமாச்சாரியார் கீர்த்தனை ஒன்றின் பொருளைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டாள். நானும் சுற்றறிக்கைகளை மொழிபெயர்க்கும் கையோடு எழுதிக் கொடுத்தேன். ஒரு கருத்தும் விடுபடவில்லை. திரும்பத் திரும்ப வந்த பல்லவியை மட்டும், ஒருமுறை சொன்னது போதும் என்று நீக்கிவிட்டேன். அவள் படித்துவிட்டு, "மாமா, இது பாட்டா? பாட்டைப் பற்றிய அறிக்கையா?" என்று கேட்டாள். பொருள் முழுதும் வந்திருந்தது, பாட்டு வரவில்லை. நான் கீழே போட்டுவிட்டு வந்தது எது?

அணி, தொடை, அந்தாதி, பல்லவி ஆகிய செய்யுள் உத்திகளை நாம் பள்ளியிலே படித்திருக்கிறோம். பெயரைச் சொல்லி இலக்கணம் எழுதினால் மதிப்பெண் கிடைத்தது. அவை பாட்டில் என்ன வேலை செய்கின்றன என்று நாம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், நகையைக் கழற்றி வைப்பதுபோல் அவற்றைக் கழற்றி வைக்க முடியாது என்பது தெரிந்திருக்கும். வேங்கடத்தின் வரலாறு இதனை நமக்குக் கற்பிக்க வல்லது. ஏனெனில் சங்கப் புலவர், இளங்கோவடிகள், ஆழ்வார்கள், தெலுங்குக் கீர்த்தனைக்காரர் ஆகிய அனைவரும் இந்த ஒரே மலையைப் பாடியிருக்கிறார்கள். மலை ஒன்றே; உத்திகள் பல. அவற்றில் எது மொழியின் எல்லையைத் தாண்டிச் செல்கிறது, எது தாண்டாமல் நின்றுவிடுகிறது என்பதை இங்கே ஒருங்கே காணலாம்.

முதலில் எல்லையையே எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் செய்த சிறப்புப் பாயிரம், வடக்கே வேங்கட மலையையும் தெற்கே குமரியையும் எல்லையாக வைத்து, அவற்றினிடையே தமிழ் வழங்கும் நிலத்தைக் குறிக்கிறது. இச்செய்தி தமிழர் யாவர்க்கும் தெரிந்ததே. பாயிரம் என்பதும் ஓர் இலக்கிய உத்தி என்பதுதான் பலர்க்கும் மறந்துபோயிற்று. நூலைச் செய்தவர் யார், அது எந்த நூலின் வழி வந்தது, அதன் பெயர் என்ன, யார் கேட்பதற்கு உரியது, அதனால் வரும் பயன் யாது என்பனவற்றைச் சிறப்புப் பாயிரம் கூறவேண்டும். பிற்காலத்து நன்னூல் இவ்வாறு எட்டுச் செய்திகளை வகுக்கிறது. அவற்றுள் ஒன்று எல்லை. அஃதாவது, அந்நூல் வழங்கும் நிலப்பரப்பு. எனவே பனம்பாரனார் வேங்கடத்தைக் குறித்தது, எந்த நிலத்து மக்களின் பேச்சையும் செய்யுளையும் ஆராய்ந்து இவ்விலக்கணம் எழுந்தது என்று கற்போர்க்கு அறிவிப்பதற்காகவே.

அந்த ஒரு செய்தி இருபதாம் நூற்றாண்டில் அரசியல் மேடைகளில் முழங்கியது. சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்டது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபொழுது அம்மாவட்டம் அம்மாநிலத்தைச் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் அவர்களின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியபொழுது, தொல்காப்பியப் பாயிரம் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது. தெலுங்கர் தரப்பில், அவ்வூர்களில் வாழ்வோர் பேசும் மொழி எடுத்துக்காட்டப்பட்டது. படாஸ்கர் அவர்களின் நடுவில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 1959-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி முதலிய பகுதிகள் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. திருப்பதி ஆந்திரத்தில் நின்றது. பின்னர் 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. ஆனால் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். நூலின் வழக்கெல்லையைக் கூறும் பாயிரத்தை நிலத்தின் பட்டாவாகப் படித்தால் அதன் பொருளே மாறிவிடுகிறது. அதனை வெறும் அலங்காரப் பேச்சு என்று தள்ளினாலும் மாறிவிடுகிறது. பாட்டின் உத்தி இன்னதென்று அறிவதும் அறியாததும் ஊர்களின் தலைவிதி பேசப்படும் மேடையிலும் வந்து நிற்கும் என்பதற்கு வேங்கடமே சான்று.

இனிச் சங்கப் பாடல்களுக்குச் செல்வோம். அகப்பாட்டில் வேங்கடம் பெரும்பாலும் பாலைத் திணையில் வரும். பொருள் தேடித் தலைவன் வடக்கே செல்கிறான். அவன் போகும் வழி வறண்டது. அதற்கு அப்பால் மொழியும் வேறு. வீட்டில் தலைவி வருந்துகிறாள், தோழி ஆற்றுகிறாள். அகநானூற்றுப் பாடல் ஒன்றில் மாமூலனார், புல்லி என்னும் தலைவனுக்குரிய, விழாக்கள் நிறைந்த வேங்கடத்தையே பெற்றாலும் தலைவன் அங்கே தங்கிவிட மாட்டான் என்று சொல்ல வைக்கிறார். மலையின் சிறப்பு பேசப்படுவது மலைக்காக அன்று. அத்துணைச் சிறப்புடைய இடமும் அவனைப் பிடித்து வைக்காது என்பதால், அவன் அன்பின் அளவு நமக்குத் தெரிகிறது. தராசின் ஒரு தட்டில் வேங்கடத்தை வைத்து, மற்றொரு தட்டில் இருக்கும் அன்பை நிறுத்துக் காட்டுகிறார் புலவர்.

பாலைப் பாட்டில் இன்னும் நுட்பமான உத்தி ஒன்று உண்டு. குறுந்தொகையில், பாலை பாடிய பெருங்கடுங்கோ ஒரு களிற்றைக் காட்டுகிறார். பெண்யானையின் பசியைத் தீர்ப்பதற்காக அக்களிறு யா மரத்தின் பட்டையை உரிக்கிறது. தலைவன் செல்லும் வழி அத்தகையது என்று தோழி கூறுகிறாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தலைவி புரிந்துகொள்கிறாள்: அந்தக் காட்சியைக் கண்ட கண்ணுடன் அவர் மேலும் நடந்துவிட முடியாது, நம் நினைவு வரும், திரும்பிவிடுவார். இவ்வாறு சொல்லிய காட்சிக்குப் புறத்தே சொல்லாத கருத்து நிற்பதை இறைச்சி என்பர். உள்ளுறை உவமம் என்பது இதற்கு அண்டை வீடு. அங்கே காட்சியின் ஒவ்வோர் உறுப்பும் மாந்தர் வாழ்வின் ஓர் உறுப்போடு ஒத்து நிற்கும். இரண்டின் எல்லையைப் பற்றி உரையாசிரியர்கள் பலவாறு விளக்குவர். நமக்கு வேண்டியது அவை செய்யும் வேலை: கூறவேண்டியதைக் கேட்பவர் நெஞ்சிலேயே பிறக்க வைப்பது.

இறைச்சி மொழியின் எல்லையைத் தாண்டுமா? யானையும் மரமும் எளிதில் தாண்டும். ஆனால் பாலை என்றால் பிரிவு, குறிஞ்சி என்றால் கூடல் என்னும் மரபை அறியாதவர்க்கு அக்காட்சி வெறும் விலங்கியல் செய்தியாகவே நிற்கும். ஆகவே இறைச்சியைக் கொண்டுசெல்லும் மொழிபெயர்ப்பாளன் பாட்டை மட்டும் சுமந்து சென்றால் போதாது. பாட்டுப் பிறந்த வீட்டின் வழக்கத்தையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

இதற்கு மாறாக, எல்லையை எளிதில் தாண்டும் உத்தி உவமை. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனிடம் வேங்கடத்துத் திருமாலை வருணிக்கிறான். ஒரு பக்கம் ஞாயிறும் மறு பக்கம் திங்களும் விளங்க, மின்னலை உடுத்து வானவில்லை அணிந்து நிற்கும் கரிய மேகம்போல் அவர் நிற்கிறார் என்கிறான். மேகம் திருமேனிக்கும், மின்னல் ஆடைக்கும், வானவில் அணிகலனுக்கும் ஒப்பாகின்றன. மழைக்காலத்தில் திருமலை ஏறியவர்க்கு இதில் விளக்கவேண்டியது யாதுமில்லை. மேகமும் மின்னலும் எம்மொழியார்க்கும் பொது. எந்த மொழியில் பெயர்த்தாலும் அவை மங்குவதில்லை. நல்ல உவமை கண்ணை நம்பிப் பிறப்பது; கண்ணுக்கு மொழி இல்லை.

அடுத்து ஆழ்வார்கள். பொய்கை, பூதம், பேய் என்னும் முதலாழ்வார் மூவரும் வேங்கடத்தைப் பாடினர். அவர்களுள் பூதத்தாழ்வார் தம் இரண்டாம் திருவந்தாதியில் ஒரு காட்சி காட்டுகிறார். மதம் பெருகிய களிறு ஒன்று தன் பிடியின் முன் நின்று, இளமூங்கில் முளையை ஒடித்து, அருகிலுள்ள தேனில் தோய்த்து அதற்கு நீட்டுகிறது. அதுவே திருவேங்கட மலை என்கிறார். நேயர்கள் இந்தக் களிற்றை முன்பே கண்டிருக்கிறார்கள். பாலை நிலத்தில் பட்டை உரித்த அதே களிறுதான், பல நூற்றாண்டு நடந்து இம்மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே வறட்சி, இங்கே தேன். அங்கே, பிரிந்தவன் திரும்புவான் என்னும் ஆறுதல். இங்கே, வந்தவனுக்குக் கேளாமலே கிடைக்கும் அருள். ஆழ்வார் இவ்விளக்கம் எதையும் சொல்லவில்லை. பழைய அகப்பாட்டின் உத்தியைப் பக்திக்கு வாரிசாக்கிவிட்டு, மலையின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துகிறார். சங்க மரபை அறிந்து படிப்போர்க்கு இந்த வெண்பா இரு மடங்கு இனிக்கும்.

குலசேகர ஆழ்வாரின் உத்தி வேறு. அவர் அரசர். பெருமாள் திருமொழியின் நான்காம் பதிகத்தில், வேங்கடத்தில் தாம் எதுவாகப் பிறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வேண்டுகிறார். குளத்து நாரையாக வேண்டும். பிறகு சுனை மீனாக வேண்டும். பொன் வட்டில் ஏந்தி உள்ளே செல்லும் பணியாளனாக வேண்டும். பிறகு செண்பக மரம், மலைச் சிகரம், காட்டாறு, அடியார் நடக்கும் வழி, இறுதியில் கோயிலின் படி. அதற்கும் பின், அம்மலையில் ஏதேனும் ஒன்றாக இருந்தால் போதும் என்று முடிக்கிறார். ஒரே வகையான வேண்டுகோள் மீண்டும் மீண்டும் வருகிறது. வேண்டப்படும் பொருள் மட்டும் மாறுகிறது. உயிருள்ளவை போய் உயிரற்றவை வருகின்றன; பறந்தது போய்க் கிடப்பது வருகிறது. முடியணிந்தவர் பிறர் கால் படும் கல்லாகக் கீழிறங்கக் கீழிறங்க, பாட்டு மேலேறுகிறது. பட்டியல் என்னும் எளிய உத்தி இத்துணைப் பெரிய வேலையைச் செய்ய முடியும் என்பதை இப்பதிகத்திலே காணலாம். திருமால் கோயில்களில் கருவறை வாயிற்படியைக் குலசேகரன் படி என்று இன்றும் வழங்குகின்றனர். ஒரு பாட்டின் உத்தி கல்லுக்கே பெயராகி நிலைத்தது.

இனி, நினைவிற்கு உதவும் உத்திகள் மூன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். ஒன்று அந்தாதி. ஒரு பாட்டின் இறுதிச் சொல்லோ எழுத்தோ அடுத்த பாட்டின் முதலாக வரும். முதலாழ்வார் மூவரின் திருவந்தாதிகளும் நூறு நூறு வெண்பாக்களை இவ்வாறு சங்கிலியாகக் கோத்தவை. ஏட்டை நம்பாமல் நெஞ்சை நம்பிய காலத்தில், ஒரு பாட்டு முடிந்த இடத்திலேயே அடுத்த பாட்டின் கைப்பிடி கிடைத்தது. இரண்டாவது மகுடம். திருப்பதிக்கு அண்மையிலுள்ள காளத்தியில் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தூர்ஜடி என்னும் தெலுங்குப் புலவர், காளத்தீசுவர சதகத்தில் ஒவ்வொரு பாடலையும் அவ்விறைவனை விளித்தே முடிக்கிறார். எத்திசையில் சென்றாலும் ஒரே வாயிலில் வந்து நிற்பது போன்றது மகுடம். மூன்றாவது பல்லவி. அதுவே நான் கீழே போட்டது.

தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் 1408-ஆம் ஆண்டு பிறந்து 1503-ஆம் ஆண்டு மறைந்தார் என்பர். அகோபிலத்து ஆதிவண் சடகோப யதியிடம் வைணவ சாத்திரம் கற்றார் என்பது மரபு. ஆழ்வார்களின் தமிழ், அவ்வழியாகத் தெலுங்குக் கீர்த்தனைக்குள் வந்தது எனலாம். அவர் பாடியவை முப்பத்திரண்டாயிரம் என்பது வழக்கு. செப்பேடுகளில் கிடைத்தவை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவர் கீர்த்தனையின் அமைப்பு எளியது. முதலில் பல்லவி, பிறகு பெரும்பாலும் மூன்று சரணங்கள். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பாடகர் பல்லவிக்குத் திரும்புவார். முதல்முறை கேட்கும்பொழுது பல்லவி ஒரு கூற்று. முதற்சரணத்திற்குப் பின் அதுவே ஒரு விடை. மூன்றாம் சரணத்திற்குப் பின் அது அனுபவம். சொல் மாறவில்லை; கேட்பவர் மாறியிருக்கிறார். இதை அறியாமல், ஒருமுறை சொன்னது போதும் என்று நான் அடித்துவிட்டேன்.

இறுதிச் சரணத்தில் முத்திரை வரும். ஆழ்வார்கள் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரைக் கூறுவது வழக்கம். குலசேகரரும் அவ்வாறே கூறுகிறார். அன்னமாச்சாரியாரோ முத்திரையாக வைப்பது வேங்கடேசன் பெயரை. பாடியவர் பெயரிருக்க வேண்டிய இடத்தில் பாடப்பட்டவன் பெயர் நிற்கிறது. கையெழுத்தையே காணிக்கையாக்கிய உத்தி இது.

இக்கீர்த்தனைகள் நமக்குக் கிடைத்த கதையும் கேட்கத்தக்கது. அவை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலுக்குள்ளே ஓர் அறையில் வைக்கப்பட்டிருந்தன. ஏ. டி. காம்ப்பெல் என்னும் கும்பினி அதிகாரி 1816-இல் ஒரு தெலுங்கு இலக்கணம் வெளியிட்டார். திருப்பதியில் செப்பேடுகளில் பழைய தெலுங்கு இலக்கணம் ஒன்று இருப்பதாக அவர் கேள்வியுற்றுத் தேடினார். கிடைத்தவை இறைவனைப் புகழும் பாடல்களே என்று எழுதிவிட்டு அமைந்தார். இலக்கணத்தைத் தேடியவர்க்குப் பாட்டுத்தான் கிடைத்தது. அந்தப் பாட்டிற்குள்ளேயே ஓர் இலக்கணம் இருந்ததை அவர் அறிய வாய்ப்பில்லை.

நிற்க. உண்மையாகவே ஓர் இலக்கண நூலும் இருந்தது. அன்னமாச்சாரியார் பதங்களுக்குரிய இலக்கணத்தைச் சங்கீர்த்தன லட்சணம் என்று வடமொழியில் எழுதினார். அந்த மூலம் இன்று கிடைக்கவில்லை. அவருடைய பேரர் சின்னத் திருமலாச்சாரியார் அதனைத் தெலுங்கில் தந்தார். அதுவே நமக்கு எஞ்சியது. மூலம் மறைந்து மொழிபெயர்ப்பு வாழ்ந்த கதை இது. எம்போன்ற தொழிலார்க்கு இதைக் காட்டிலும் ஆறுதல் தரும் செய்தி வேறு இல்லை. இதைக் காட்டிலும் பொறுப்பை உணர்த்தும் செய்தியும் இல்லை. நாம் கீழே போடுவதை எடுத்துக்கொள்ள மூலம் எப்பொழுதும் காத்திருக்கும் என்று எண்ணிவிட முடியாது.

செப்பேடுகள் 1922-ஆம் ஆண்டளவில் மீண்டும் வெளிச்சம் கண்டன. 1939-இல் திருப்பதியில் தொடங்கப்பெற்ற வேங்கடேசுவர கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் வேடூரி பிரபாகர சாஸ்திரியார் முதலிய அறிஞர் அவற்றை ஆராய்ந்து பதிப்பித்தனர். செப்பேட்டில் சொல் இருந்தது, இராகத்தின் பெயர் இருந்தது. பாடிய மெட்டு இல்லை. இசையறிஞர் ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா நூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனைகளுக்குப் புதிதாக மெட்டமைத்தார். இராகத்தின் பெயரும், பல்லவி சரணம் என்னும் அமைப்பும் அப்பணிக்கு வழிகாட்டின. நானூறு ஆண்டுக்கு முன் நின்றுபோன பாட்டு மீண்டும் எழுந்து நடந்தது, அதன் எலும்புக்கூடு முறியாமல் இருந்ததால் அன்றோ? உத்தி என்பது அந்த எலும்புக்கூடுதான்.

இறுதியாக, எல்லையைத் தாண்டாத உத்திக்கு வருவோம். அவை எதுகையும் மோனையும். இதற்கு எடுத்துக்காட்டாக நானே இரண்டடி எழுதிக் காட்டுகிறேன்; கவிதைச் சிறப்பு இதில் இல்லை, இலக்கணத்திற்கு மட்டும் கொள்க.

கல்லில் எழுதிய கவிதை ஒன்று
சொல்லில் நின்று சுடராய் ஒளிரும்.

இரண்டடியிலும் இரண்டாம் எழுத்து லகர மெய், அது எதுகை. முதலெழுத்துகள் இரண்டும் குறில். அளவும் ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. முதலடியில் முதற்சீரும் மூன்றாஞ்சீரும் ககரத்தில் தொடங்குகின்றன, இரண்டாமடியில் அவ்விடங்களில் சொகரமும் சுகரமும் நிற்கின்றன, இவை மோனை. இனித் தெலுங்கைப் பாருங்கள். அங்கே அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது பிராசம். அதற்கு முன்னுள்ள எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். யதி என்பது வடமொழியில் அடியினிடையே மூச்சு நிற்கும் இடம். தெலுங்கிலோ, அவ்விடத்து எழுத்து அடியின் முதலெழுத்தோடு இனமாக இருத்தல் வேண்டும். நாம் மோனைக்கு அ, ஆ, ஐ, ஔ ஓரினம் என்றும், இ, ஈ, எ, ஏ ஓரினம் என்றும், உ, ஊ, ஒ, ஓ ஓரினம் என்றும் கொள்கிறோம். தெலுங்கு யதியிலும் உயிர்கள் இவ்வாறே கூடுகின்றன. வடமொழி விருத்தங்களைத் தெலுங்குப் புலவர் ஏற்றுக்கொண்டபொழுதும் யதியையும் பிராசத்தையும் விட்டுவிடவில்லை. மலைக்கு இப்பாலும் அப்பாலும் மொழி பெயர்கிறது, செவி பெயரவில்லை.

இருப்பினும் ஒரு தெலுங்குப் பாட்டின் பிராசத்தைத் தமிழுக்குத் தூக்கிவர முடியாது. சொல் மாறியதும் எழுத்தும் மாறிவிடுகிறது. தமிழில் புதிதாக எதுகை அமைக்கவேண்டும். அதற்காகச் சில வேளை பொருளின் ஓரத்தைச் சிறிது விட்டுக்கொடுக்கவும் வேண்டும். அலுவலகக் கோப்பில் அது குற்றம். பாட்டில் அதுவே கடமை.

ஆகவே, நேயர்கள் ஒரு பாட்டைப் படிக்கும்பொழுதோ கேட்கும்பொழுதோ, இது என்ன அணி, என்ன தொடை என்று பெயர் தேடுவதோடு நின்றுவிட வேண்டாம். இங்கே இது எதற்காக நிற்கிறது, இதை எடுத்துவிட்டால் எது சாயும் என்று கேட்டுப் பாருங்கள். பாயிரத்தின் எல்லையை எடுத்தால் நூலின் நிலம் சாயும். களிற்றை எடுத்தால் தோழியின் ஆறுதல் சாயும். படியை எடுத்தால் குலசேகரரின் பணிவு சாயும்.

அந்தப் பெண்ணுக்குக் கீர்த்தனையை மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். முதற்சீர் எதுகை சில இடங்களில் அமைந்தது. சில இடங்களில் அமையவில்லை. ஆனால் மூன்று சரணங்களுக்குப் பின்னும், ஒரு சொல்லும் குறைக்காமல், பல்லவியை முழுதாக எழுதினேன். அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். இரண்டாம் முறை பல்லவிக்கு வந்தபொழுது அவள் குரல் சற்றுத் தாழ்ந்தது. மூன்றாம் முறை, தாளைப் பாராமலே சொன்னாள்.